தூண்டில் போடுவதற்கு முன்

ஜொகூரின் கோத்தா திங்கி மாவட்டத்திலுள்ள தஞ்சோங் பாலாவ் கடற்கரையில் பாறைகள் நிறைய உள்ளன. தூண்டிலுடன் வருவோர் அவற்றின்மீது நிற்கவே விரும்புவர். நவம்பர் முதல் மார்ச் வரை நீடிக்கும் வடகிழக்குப் பருவக்காற்றுக் காலத்தில் அந்த விருப்பம் ஆபத்தானது.

வெயில் அடிக்கிறதே என்று புறப்பட்டுவிடக்கூடாது. தென்சீனக் கடலில் தொலைவில் வீசும் காற்று எழுப்பிய அலை, இங்குக் காற்றே இல்லாத நாளிலும் கரையை வந்து மோதும். ஆகவே, வீட்டிலிருக்கும்போதே மலேசிய வானிலை ஆய்வுத் துறையின் அறிவிப்பைப் பார்க்க வேண்டும். கடல் கொந்தளிப்புக்கான முதல் நிலை எச்சரிக்கையே 3.5 மீட்டர் வரையிலான அலையைக் குறிக்கும். ஏறக்குறைய வகுப்பறைக் கூரையின் உயரம்!

கரையை அடைந்ததும் இருபது நிமிடமாவது கடலைக் கவனியுங்கள். பெரிய அலைகள் இடைவெளி விட்டுச் சேர்ந்தாற்போல் வரும். ஐந்து நிமிட அமைதி நம்மை ஏமாற்றிவிடும். பாறையில் ஈரம் தெரியும் உயரம்வரை அலை எட்டியிருக்கிறது என்று பொருள். உலர்ந்த பாறையையும் உடனே நம்பிவிட முடியாது. நீர் ஏறும் வேளையாக இருந்தால், நாம் நடந்து வந்த வழியே சிறிது நேரத்தில் மூழ்கிவிடலாம்.

யாரேனும் தவறி விழுந்துவிட்டால்? உடனே குதிக்கத்தான் மனம் துடிக்கும். குதித்தால் இருவரும் தத்தளிக்க நேரிடும். மூடிய ஐஸ் பெட்டியை அவர் பக்கம் எறியுங்கள், அது மிதக்கும். உடனே 999-ஐ அழையுங்கள்.