14 மாணவர்களோட ஜெர்மனி போன டீச்சர்: 17,000 ரூபாய் எங்கே போச்சு?



"ஸ்கூல் செலவுல ஜெர்மனி போற, உனக்கென்ன கவலை?" போன வருஷம் எங்க அக்காகிட்ட எல்லாரும் சொன்ன வசனம் இது. நானும்தான் சொன்னேன்.

அக்கா கோயம்புத்தூர்ல ஒரு தனியார் பள்ளியில ஜெர்மன் டீச்சர். கைக்கு வர்ற சம்பளம் 42,000 ரூபாய். மாணவர் பரிமாற்றத் திட்டத்துல 9-ல இருந்து 11-ஆம் வகுப்பு வரை படிக்கிற 14 பேரைக் கூட்டிட்டு, இன்னொரு சாரோட சேர்ந்து 16 நாள் போனாங்க. ஸ்டுட்கார்ட் பக்கத்துல ஒரு சின்ன ஊர். நம்ம பிள்ளைங்க அந்த ஊர் மாணவர்களோட வீட்டுலயே தங்குவாங்க. அப்புறம் அவங்க இங்க வந்து நம்ம பிள்ளைங்க வீட்டுல தங்குவாங்க. ஹோட்டல் செலவு கிடையாது. விமான டிக்கெட், இன்சூரன்ஸ் எல்லாம் முன்னாடியே கட்டியாச்சு.

திரும்பி வந்து மூணு மாசம் கழிச்சு, நானும் அக்காவும் உட்கார்ந்து கணக்கு போட்டோம். அவங்க கைக்காசு கிட்டத்தட்ட 17,000 ரூபாய் போயிருந்துச்சு. யாரும் ஏமாத்தல. எதுவும் திருடு போகல. அப்புறம் எப்படி?

இன்னைக்கு இந்தக் கணக்கைத்தான் பிரிச்சுப் பார்க்கப் போறோம். நீங்க டீச்சர் இல்லன்னாலும் படிங்க. ஆபீஸ் வேலையா ஒரு தடவையாவது உங்க கார்டைத் தேய்ச்சிருந்தா, இது உங்க கதையும்தான்.

அங்க என்ன நடந்துச்சு?

கணக்கு சுலபமா இருக்க, 1 யூரோ 100 ரூபாய்னு வெச்சுக்குவோம்.

அஞ்சாவது நாள், ஒரு பையன் ஃபுட்பால் ஆடும்போது விழுந்து மணிக்கட்டு எலும்பு முறிஞ்சிருச்சு. ஆஸ்பத்திரியில உடனே பார்த்தாங்க. ஆனா வெளிநாட்டுல இருந்து வந்தவங்கன்னு 600 யூரோ முன்பணம் கேட்டாங்க. அக்கா கிரெடிட் கார்டைக் கொடுத்தாங்க.

பத்தாவது நாள், ஒரு ரயில் தாமதம் ஆகி அடுத்த ரயிலைப் பிடிக்க முடியல. கையில இருந்த குரூப் டிக்கெட் மத்த ரயிலுக்குச் செல்லாதுன்னு சொல்லிட்டாங்க. ராத்திரி ஆகுது, 14 பிள்ளைங்க பிளாட்ஃபார்ம்ல நிக்கிறாங்க. புது டிக்கெட் 340 யூரோ. அதுவும் அதே கார்டு.

ஒரு பொண்ணு ஃபாரெக்ஸ் கார்டைத் தொலைச்சிட்டா. மாற்றுக் கார்டு வரும் வரைக்கும் அக்கா தன் கையில இருந்து 150 யூரோ ரொக்கமா கொடுத்தாங்க. மாத்திரை, தண்ணி பாட்டில், டிராம் டிக்கெட்னு சில்லறைச் செலவு 90 யூரோ. அங்க பல ரயில் நிலையங்கள்ல டாய்லெட் போகக்கூட 1 யூரோ பக்கம் ஆகும். அதுக்கெல்லாம் யாருகிட்ட பில் கேட்கிறது?

மொத்தம் 1,180 யூரோ. அதாவது 1,18,000 ரூபாய். கிட்டத்தட்ட மூணு மாசச் சம்பளம்.

பணம் திரும்பி வந்துச்சா?

வந்துச்சு. ஆனா எப்போ, எவ்வளவுங்கிறதுதான் விஷயம்.

ஆஸ்பத்திரிப் பணத்தை இன்சூரன்ஸ் கம்பெனி 52 நாள் கழிச்சுக் கொடுத்துச்சு. டிடக்டிபிள்னு, அதாவது நாமளே ஏத்துக்க வேண்டிய பங்குன்னு, அவங்க பிடிச்சதைப் பையனோட அப்பா கொடுத்துட்டார். ரயில் டிக்கெட் பணத்தைப் பள்ளி 40 நாள்ல கொடுத்துச்சு. கார்டு தொலைச்ச பொண்ணோட அம்மா ஏர்போர்ட்லயே கொடுத்துட்டாங்க.

இப்போ வராதது என்னன்னு பாருங்க.

1. கார்டுல போன 940 யூரோ = 94,000 ரூபாய். அந்தக் கார்டுக்கு வெளிநாட்டுச் செலவு மார்க்அப் 3.5%, அதாவது 3,290 ரூபாய். அதுக்கு மேல 18% ஜிஎஸ்டி 592 ரூபாய். ஆக 3,882 ரூபாய். பில்லுல இருந்த யூரோவுக்குத்தான் ரூபாய் வந்துச்சே தவிர, இதை யாரும் கொடுக்கல.

2. கார்டு பில் 97,882 ரூபாய். கெடு தேதிக்குள்ள எந்தப் பணமும் வரல. அக்கா மினிமம் டியூ மட்டும் கட்டினாங்க. மாசம் 3.5% வட்டி, அதுக்கு ஜிஎஸ்டி சேர்த்தா ஒரு மாசத்துக்கே 4,000 ரூபாய் பக்கம்.

3. பில் இல்லாத சில்லறை 90 யூரோ = 9,000 ரூபாய்.

கூட்டிப் பாருங்க. கிட்டத்தட்ட 17,000.

இன்னொன்னும் கவனிங்க. அக்கா கார்டு லிமிட் 1,50,000. இந்த ரெண்டு செலவுக்கு அப்புறம் மிச்சம் இருந்தது 52,000 சொச்சம். இன்னொரு பிள்ளைக்கு அதே மாதிரி ஏதாவது ஆகியிருந்தா?

நான் கொஞ்சம் கோபமா கேட்டேன், "இதெல்லாம் அப்பவே யோசிச்சிருக்கக் கூடாதா?" அக்கா சொன்னாங்க, "டேய், பையன் வலியில அழுதுட்டு இருக்கான். அவன் அம்மா போன்ல அழறாங்க. அப்போ நான் மார்க்அப் எத்தனை சதவீதம்னு பார்ப்பேனா?"

சரிதானே? அந்த நேரத்துல யாராலயும் கணக்கு பார்க்க முடியாது, பார்க்கவும் கூடாது. அதனாலதான் கிளம்புறதுக்கு முன்னாடியே பார்க்கணும்.

அக்கா சரியா செஞ்ச ரெண்டு விஷயம்

முதல் விஷயம்: ஆளுக்கு 1,60,000 ரூபாய் வீதம் 14 பேர் பணத்தை, "உங்க அக்கவுண்ட்லயே வாங்கி ஏஜென்ட்டுக்குக் கட்டிடுங்க மேடம்"னு பள்ளியில சொன்னாங்க. அக்கா முடியாதுன்னுட்டாங்க. மொத்தம் 22,40,000 ரூபாய். அவங்க வருஷச் சம்பளமே 5,04,000 தான். வெளிநாட்டு டூர் பேக்கேஜுக்குப் பணம் கட்டும்போது டிசிஎஸ் பிடிப்பாங்க. அது கூடுதல் வரி இல்ல, ரிட்டர்ன்ல கழிச்சுக்கலாம். ஆனா யார் பான்ல பிடிக்கிறாங்களோ அவங்க பேர்லதான் பதிவாகும். அக்கா கட்டியிருந்தா, அவங்க வருடாந்திர தகவல் அறிக்கையில 22 லட்சம் ரூபாய்க்கு வெளிநாட்டுப் பயணம் போன மாதிரி நிக்கும். பெற்றோர் ரொக்கமா கொடுத்து, ஒரு நிதியாண்டுல 10 லட்சம் ரூபாய்க்கு மேல சேவிங்ஸ் அக்கவுண்ட்ல போட்டிருந்தா, அதையும் வங்கி வருமான வரித் துறைக்குச் சொல்லியாகணும். பெற்றோர் நேரடியா ஏஜென்ட்டுக்கே கட்டினாங்க. டிசிஎஸ்ஸும் அவங்கவங்க பான்லயே போச்சு.

ரெண்டாவது விஷயம்: ஏஜென்ட் கொடுத்த கொட்டேஷன்ல 16 பேருக்கும் ஷெங்கன் விசா கட்டணம் 90 யூரோ போட்டிருந்தாங்க. கல்விக்காகப் போற பள்ளி மாணவர்களுக்கும், அவங்க கூடப் போற ஆசிரியர்களுக்கும் அந்தக் கட்டணம் கிடையாதுன்னு ஷெங்கன் விசா விதியிலயே இருக்கு. விண்ணப்ப மையத்தோட சேவைக் கட்டணம் மட்டும் உண்டு. அக்கா அதைக் காட்டிக் கேட்டதும் தொகை குறைஞ்சது. ஒவ்வொரு பெற்றோருக்கும் 9,000 ரூபாய் மிச்சம்.

இங்கதான் ஒரு வாய்ப்பு போச்சு. 14 பேருக்கு 9,000 ரூபாய்னா 1,26,000. அந்தப் பணத்தைத் திருப்பிக் கொடுக்காம, குரூப் அவசர நிதியா ஒரு தனி ஃபாரெக்ஸ் கார்டுல போட்டிருந்தா? ஆன அவசரச் செலவு 1,18,000. முழுசும் அதுக்குள்ளயே முடிஞ்சிருக்கும். இன்சூரன்ஸ் பணம் வந்ததும், மிச்சத்தைக் கணக்கோட பெற்றோருக்குப் பிரிச்சுக் கொடுத்திருக்கலாம். ஒரு பெற்றோரும் வேண்டாம்னு சொல்லியிருக்க மாட்டாங்க. யாருக்கும் கேட்கத் தோணல, அவ்வளவுதான்.

எனக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்?

ஆபீஸ்ல ஆன்சைட் போறீங்க. டீம் அவுட்டிங்க்கு நீங்கதான் ரிசார்ட் புக் பண்றீங்க. கிளையன்ட் டின்னருக்கு மேனேஜர், "நீ கட்டிடு, கிளெய்ம் போட்டுக்கலாம்"னு சொல்றார். எல்லா இடத்துலயும் நடக்கிறது ஒன்னுதான். பொறுப்பை மட்டும்தான் ஏத்துக்கிட்டோம்னு நினைக்கிறோம். ஆனா நம்மளை அறியாமலே கடனும் கொடுக்கிறோம். வட்டி இல்லாத கடன். சில சமயம் நாம வட்டி கட்டிக் கொடுக்கிற கடன்!

பொறுப்பு உங்களோடது. பணம் உங்களோடது இல்ல. இதைக் கிளம்புறதுக்கு முன்னாடியே தெளிவாக்கிடுங்க.

கிளம்புறதுக்கு முன்னாடி செய்ய வேண்டியவை

1. அட்வான்ஸ் கேளுங்க. கூச்சம் வேண்டாம். "அவசரத்துக்கு எவ்வளவு, எந்தக் கார்டுல, எத்தனை நாள்ல செட்டில் ஆகும்?" இந்த மூணுக்கும் பதில் மெயில்ல வாங்குங்க. மார்க்அப், வட்டியும் கிளெய்ம்ல சேருமான்னு அதுலயே கேட்டுடுங்க.

2. அவங்க பணத்துக்குத் தனிக் கார்டு. பணம் போடும்போதே ரேட் முடிவாகிடுறதால ஃபாரெக்ஸ் கார்டு வசதி. திரும்பி வந்ததும் மிச்சத்தை அப்படியே விட்டுடாதீங்க. 2,000 டாலர் வரைக்கும் வெச்சுக்கலாம், அதுக்கு மேல இருந்தா 180 நாளுக்குள்ள திருப்பிக் கொடுக்கணும்.

3. இன்சூரன்ஸ் உதவி எண் உங்க போன்லயும் பர்ஸ்லயும் இருக்கட்டும். ஷெங்கன் விசாவுக்குக் குறைஞ்சது 30,000 யூரோ மருத்துவ கவர் கட்டாயம். கவர் இருந்தா மட்டும் போதாது. பணம் கட்டுறதுக்கு முன்னாடி அந்த எண்ணுக்குக் கூப்பிட்டா, கம்பெனியே ஆஸ்பத்திரிகிட்ட நேரடியா பேச வாய்ப்பு இருக்கு. அக்காவோட பாலிசி காப்பி ஏஜென்ட் அனுப்பின மெயிலுக்குள்ள தூங்கிட்டு இருந்துச்சு. 600 யூரோ கட்டினதுக்கு அப்புறம்தான் ஞாபகம் வந்துச்சு.

4. மெஷின்ல ரூபாயா, யூரோவான்னு கேட்டா, யூரோவை அழுத்துங்க. ரூபாயை அழுத்தினா அந்த மெஷின்காரங்க வைக்கிறதுதான் ரேட்.

5. சில்லறைக்கு ஒரு நோட்டு. பில் கிடைக்காத செலவை அன்னைக்கு ராத்திரியே தேதியோட எழுதி, கூட வந்தவர்கிட்ட ஒரு கையெழுத்து வாங்குங்க. ஒரு நாளைக்கு இவ்வளவு வரைக்கும் பில் இல்லாம ஏத்துக்குவோம்னு முன்னாடியே பேசி வெச்சுக்குங்க.

6. மினிமம் டியூல மாட்டாதீங்க. அந்த மாசம் புதுசா வாங்குற பொருளுக்கும் வாங்கின நாள்ல இருந்தே வட்டி ஓடும். வேற வழி இல்லன்னா உங்க எமர்ஜென்சி ஃபண்டுல இருந்து முழு பில்லையும் கட்டிட்டு, கிளெய்ம் வந்ததும் முதல் வேலையா அங்கேயே திருப்பிப் போடுங்க.

கடைசியா ஒன்னு

ஜனவரியில அந்த ஊர் மாணவர்கள் கோயம்புத்தூர் வந்தாங்க. அதுல ஒரு பையனுக்கு ரெண்டாவது நாளே வயிறு சரியில்லாம போச்சு. கூட வந்த ஜெர்மன் டீச்சரும் அக்காவும்தான் கிளினிக்குக் கூட்டிட்டுப் போனாங்க. பில் வந்ததும் அந்த டீச்சர் பையில இருந்து ஒரு சின்ன ஜிப் பர்ஸை எடுத்து, பணத்தைக் கொடுத்துட்டு, ஒரு நோட்டுல எழுதி, ரசீதை மடிச்சு உள்ள வெச்சாங்க. அது அவங்களோட சொந்தப் பர்ஸ் இல்ல.

அங்க அதுக்கு 'கிளாஸன்காஸே'ன்னு பேராம். வகுப்போட பொதுப் பணம். எல்லா வீட்டுல இருந்தும் கொஞ்சம் கொஞ்சம் போட்டு வெச்சது.

"அந்தம்மா முகத்துல பையனைப் பத்தின கவலை மட்டும்தான்டா இருந்துச்சு"ன்னு அக்கா சொன்னாங்க.

இந்த வருஷமும் அக்கா 12 பிள்ளைங்களோட போறாங்க. பெற்றோர் கூட்டத்துல முதல் விஷயமா அவசர நிதியைத்தான் பேசினாங்க. ஆளுக்கு 9,000 ரூபாய். எல்லாரும் ஒத்துக்கிட்டாங்க.

உங்க ஆபீஸ்ல இன்னும் வராத கிளெய்ம் ஏதாவது இருக்கா? இன்னைக்கே எடுத்து, மார்க்அப், வட்டி உட்பட எவ்வளவுன்னு கணக்கு போட்டுப் பாருங்க. தொகையைக் கமென்ட்ல சொல்லுங்க. ஃபாரெக்ஸ் கார்டா, கிரெடிட் கார்டாங்கிற முழுக் கணக்கை அடுத்த வீடியோல பார்ப்போம்.