கல்லுக்கு எந்த ஊர்?

மாட்டுங்காவில் தமிழர் இருவர் சந்தித்தால் முதலில் எழும் கேள்வி, “உங்களுக்கு எந்த ஊர்?” என்பதுதான். தாராவியில் குடியேறிய என் பாட்டனார் அந்தக் கேள்வியைக் கேட்பதே இல்லை. உடையைக் கண்டு ஏமாறவும் மாட்டார். நாலு வாக்கியம் பேசக் கேட்டால் போதும்; திருநெல்வேலியா, சேலமா என்று சொல்லிவிடுவார். நிலவியல் மாணவனாகிய நான் கற்களிடம் கேட்பதும் அதே கேள்விதான். அதற்கு விடை காணும் வழியை ஈண்டு காண்போம்.

உருகிய குழம்பு ஆறி உறைந்தவை தீப்பாறைகள். மணலும் சேறும் சுண்ணாம்பும் படிந்து இறுகியவை படிவுப் பாறைகள். இவற்றுள் எதுவாயினும் நிலத்தினுள் ஆழப் புதைந்து, வெப்பத்தாலும் அழுத்தத்தாலும் உருகாமலேயே புதிய கனிமங்களாக மாறினால், அது உருமாறிய பாறை எனப்படும். மாறுவதற்கு முன் அது எதுவாக இருந்தது என்பதே நம் கேள்வி.

செம்பூரை அடுத்த டிராம்பே குன்றுகளை எண்ணிப் பாருங்கள். அங்குள்ள கரும்பாறை பசால்ட். 6 கோடி ஆண்டுகளுக்கும் முன்பே எரிமலைக் குழம்பாக வழிந்து உறைந்தது. அது ஆழப் புதைந்து 600 டிகிரி சென்டிகிரேடு அளவு வெப்பத்தைக் கண்டால் ஆம்பிபோலைட் என்னும் பாறையாகும். ஆனால் களிமண் கலந்த சுண்ணாம்புப் படிவும் அதே ஆம்பிபோலைட்டாக மாறக்கூடும். கையில் வைத்துப் பார்த்தால் இரண்டும் ஒன்றுபோலவே தோன்றும்!

இங்கேதான் இரசாயனம் துணைக்கு வருகிறது. சோடியம், பொட்டாசியம் போன்றவை பாறையிடுக்கில் ஊறும் வெந்நீரில் கரைந்து இடம்பெயரும். அவை உடையைப் போன்றவை. டைட்டானியம், ஜிர்க்கோனியம், குரோமியம் போன்றவை எளிதில் நகரா. அவை பேச்சைப் போன்றவை. ஆகவே பின்னவற்றையே நம்புகிறோம்.

எனினும் ஒரு துண்டு போதாது. சென்ற ஆண்டு நான் ஒரே ஒரு துண்டைப் பகுத்துவிட்டு, ‘இது எரிமலைப் பாறை’ என்று எழுதிக் கொடுத்தேன். ஒற்றைப் புள்ளியைக் கொண்டு எந்தக் கோடும் வரைய முடியாது என்று ஆசிரியர் திருப்பித் தந்தார். அவர் சொன்னதன் பொருளை, பெர்னார்டு லீக் என்னும் அறிஞர் 1964-இல் எழுதிய கட்டுரையைப் படித்த பின்பே உணர்ந்தேன்.

எரிமலைக் குழம்பு ஆறும்போது முதலில் பிரியும் படிகங்கள் மக்னீசியத்தோடு நிக்கலையும் குரோமியத்தையும் கொண்டு சென்றுவிடும். எனவே மக்னீசியம் குறையக் குறைய இவ்விரண்டும் குறையும். படிவிலோ, நிக்கலும் குரோமியமும் களிமண்ணோடு வருபவை. மக்னீசியம் மிகுந்த சுண்ணாம்பான டோலமைட் கூடினால், மக்னீசியம் ஏறும், அவை இறங்கும். பல துண்டுகளைப் பகுத்து வரைபடத்தில் குறித்தால், புள்ளிகள் செல்லும் திசையே பிறப்பைச் சொல்லிவிடும்.

நமக்கு நெருங்கிய சான்று கோலார் தங்கவயல். வட ஆர்க்காட்டிலிருந்து சென்ற தமிழ்த் தொழிலாளர் பல்லாயிரவர் மூன்று கிலோமீட்டருக்கும் மேற்பட்ட ஆழத்தில் உழைத்த சுரங்கம், 2001-இல் மூடப்பட்டது. அங்கே தங்கம் ஓடிய வெண்கல் நரம்புகளைச் சூழ்ந்திருப்பது ஆம்பிபோலைட்தான். அது ஏறத்தாழ 270 கோடி ஆண்டுகளுக்கு முந்திய எரிமலைக் குழம்பின் வழிவந்தது என்பதை இரசாயனம் காட்டியது. பேராசிரியர் இராஜாமணியும் உடன் ஆய்ந்தோரும் 1985-இல் வெளியிட்ட கட்டுரை மேலும் ஒன்றை உரைத்தது. அவ்வயலின் கிழக்குப் பகுதிப் பாறையும் மேற்குப் பகுதிப் பாறையும் லாந்தனம், சீரியம் போன்ற அருமண் தனிமங்களின் அளவில் வேறுபட்டன. அவை ஒரே ஊற்றிலிருந்து வந்தவை அல்ல. வெவ்வேறு நிலப்பகுதிகள் சுமார் 250 கோடி ஆண்டுகளுக்கு முன் அங்கே வந்து இணைந்தன என்ற முடிவு 1989-இல் வெளியாயிற்று.

கண்ணுக்கு ஒன்றாய்த் தெரிந்த கருங்கல்லில் இரண்டு ஊர்கள்! நண்பர்களே, தோற்றத்தை மட்டும் கண்டு பிறப்பைத் தீர்மானிக்காதீர்கள். ஒரு சொல்லை மட்டும் கேட்டும் முடிவு கட்டாதீர்கள். கல்லாயினும் அதை நாலு வாக்கியம் பேசவிட்டுக் கேட்பதே ஆராய்ச்சி.