மாற்றுவதா, புரிந்துகொள்வதா?



வெடிச் சத்தம் நம் வட்டாரத்திற்குப் புதிதன்று. பட்டாசு வெடிக்கும் இடத்திலிருந்து நான்கு மீட்டர் தொலைவில் ஒலி 125 டெசிபலைத் தாண்டலாகாது என்பது சட்டம். அவ்வளவு ஒலி எவர் காதையும் அதிரச் செய்யும். ஆனால் சிலருக்கு மிக்சி ஓடும் சத்தமும் பள்ளி மணியுமே தாங்க முடியாதவை. ஆடிக் கடைசி வெள்ளியன்று இருக்கன்குடியில் திரளும் கூட்டமும் கொட்டு மேளமும் பலருக்குக் களிப்பு, இவர்களுக்கோ வேதனை. இது பிடிவாதமன்று. ஒலி, ஒளி, தொடுதல் ஆகியவற்றை இவர்களது மூளை ஏற்கும் முறையே வேறு.

இத்தகையோருள் ஆட்டிசம் உடையவர் பலர். 1943ஆம் ஆண்டு லியோ கானர் என்னும் மருத்துவர் ஆட்டிசத்தை விரிவாக எழுதினார். அது நோயன்று, வளர்ந்தபின் மறைந்துவிடுவதுமன்று. சிறுமியிடம் இருப்பது மங்கையிடமும் இருக்கும்.

பழைய முறை

1960களில் அமெரிக்காவில் லோவாஸ் என்னும் உளவியலாளர் இவர்களைப் பிறரைப்போல் நடக்கச் செய்யப் பயிற்சி அளித்தார். சரியாகச் செய்தால் பரிசு. தவறினால் அடி, சில வேளை மின்னதிர்ச்சியும்கூட! அத்தண்டனைகள் பின்னர் பெரும்பாலும் கைவிடப்பட்டன. ஆயினும் "கண்ணைப் பார்த்துப் பேசு, கையை ஆட்டாதே" என்னும் வற்புறுத்தல் எளிதில் ஒழியவில்லை.

பெண்பிள்ளைகள் பலர் தோழியரைப் பார்த்து, அவர்களைப்போலவே சிரித்துப் பேசி நடிக்கப் பழகிவிடுகின்றனர். அதனால் அவர்களது நிலை பல ஆண்டுகள் எவருக்கும் தெரிவதில்லை. நாள் முழுதும் நடித்துக் களைத்த உள்ளம் ஒருநாள் சோர்ந்து நொறுங்குகிறது.

புதிய முறை

இன்று வேறொரு வழி வளர்ந்து வருகிறது. "உன்னை எப்படி மாற்றுவது?" என்று கேளாமல், "உனக்கு எது கடினம்? நீ எதை விரும்புகிறாய்?" என்று சிகிச்சையாளர் கேட்கிறார். குறிக்கோளை வகுப்பவர் உதவி நாடி வந்தவரே. ஒலி தாங்காதவருக்குக் காதடைப்பான்; பேச்சு வராத வேளையில் எழுத்தும் படமும்; நாளின் வேலைகளுக்கு முன்கூட்டியே வரிசைப் பட்டியல்; கையை ஆட்டினால் மனம் அமைதியுறுமாயின் அதற்குத் தடையில்லை. மனச்சோர்வும் அச்சமும் இருந்தால் அவற்றிற்கு முறையான மருத்துவம் உண்டு.

2012இல் டேமியன் மில்டன் என்னும் ஆட்டிச அறிஞர் ஓர் உண்மையை எடுத்துரைத்தார். அவரும் ஆட்டிசம் உடையவரே. 'அவர்கள் நம்மைப் புரிந்துகொள்வதில்லை' என்பது பாதி உண்மை. நாமும் அவர்களைப் புரிந்துகொள்வதில்லை என்பது மறுபாதி.

சட்டமும் நாமும்

2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைக் குறைபாடுகளை ஏற்றுள்ளது. ஆட்டிசமும் கற்றல் குறைபாடும் அவற்றுள் அடங்கும். உதவி வேண்டுவோர் விருதுநகரிலுள்ள மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தை அணுகலாம்.

நாம் செய்யக்கூடியவையும் உண்டு. இடைவேளையில் தனித்திருக்க விரும்புபவளை இழுக்காதிருப்போம். நேரே பேசுபவளைத் திமிர் பிடித்தவள் என்னாதிருப்போம். அருகே பட்டாசு கொளுத்துமுன் சொல்லிவிடுவோம்.

உடல் ஒன்று, உறுப்புகள் பல என்று பவுலடியார் போதித்தார். கண்ணைப் பார்த்து "நீ காதாக மாறு" என்று எவரும் கட்டளையிடுவதில்லை. நம் தோழியை அவள் இருக்கும் வண்ணமே ஏற்று, அவளோடு வளர்வோமாக!