பேரப்பிள்ளை வருமுன் பேசி வைப்போம்

சம்பளம் எடுத்த ஞாயிற்றுக்கிழமை குடும்பத்தோடு ஹக்கலை பூந்தோட்டத்துக்கோ சீதாஎலிய கோயிலுக்கோ போய் வருகிறோம். கட்டுச்சோறு பிரித்து எல்லோரும் ஒன்றாக உட்காரும் நேரம் அது. மகளோ மருமகளோ முழுகாமல் இருந்தால், தாத்தா பாட்டிமார் அங்கேயே நாலு விஷயத்தைப் பேசி முடிக்கலாம். வேலை நாளில் அதற்கு ஏது நேரம்?

1. வண்டி: ராத்திரியில் வலி கண்டால் யாருடைய வண்டி? தாத்தா இப்போதே சொல்லி வைக்கட்டும். 1990 இலவச அம்புலன்ஸைக் கூப்பிட்டால் எந்தச் சந்தியில் நிற்பது என்றும் முடிவு செய்வோம்.

2. பை: கிளினிக் அட்டை, அடையாள அட்டை, துவைத்துக் காயவைத்த பருத்தித் துணி, பிள்ளைக்குத் தொப்பி.

3. ஆபத்து: ரத்தம் பட்டாலோ, கடும் தலைவலியோடு கண் மங்கினாலோ, வயிற்றில் பிள்ளையின் அசைவு குறைந்தாலோ வலி வரட்டும் என்று காத்திருக்கக் கூடாது. உடனே ஆஸ்பத்திரி.

4. முதல் பால்: "சீனித்தண்ணி ஒரு சொட்டு வச்சா என்னா?" என்போம். வேண்டாம். பிறந்து ஒரு மணித்தியாலத்துக்குள் கொடுக்கும் மஞ்சள் நிறச் சீம்பாலே பிள்ளைக்குக் காவல். 6 மாதம் வரை தாய்ப்பால் மட்டும் போதும், தண்ணீரும் தேவையில்லை. ஒரு வயது வரை தேனும் கூடாது.

பாட்டி சொன்னால் வீடே கேட்கும். ஆகவே இதையெல்லாம் பாட்டியே சொல்லட்டும்.