காதடியில் கட்டி... வலிக்காவிட்டால் பயமில்லையா?

"வலியே இல்லீங்க டாக்டர், அதான் ரெண்டு வருஷமா விட்டுட்டேன்." காதுக்குக் கீழே கோலிக்குண்டு அளவு கட்டியோடு வருகிறவர்கள் பலரும் சொல்வது இது.

பொன்னுக்கு வீங்கி வரும்போது காதடியில் வீங்குகிறதே, அதுதான் பரோட்டிட் என்ற உமிழ்நீர்ச் சுரப்பி. உமிழ்நீர்ச் சுரப்பிக் கட்டிகளில் சுமார் 80 சதவீதம் இதில்தான் வருகின்றன. பெரும்பாலும் சாதுவான கட்டிகள். மெதுவாக வளரும், வலிக்காது. ஆனால் புற்றுக்கட்டியும் ஆரம்பத்தில் வலிக்காமல் இருக்கலாம் என்பதுதான் சிக்கல்!

சரி, வலித்தால்? சாப்பிட உட்கார்ந்ததும் தாடைக்குக் கீழே வீங்கி வலித்து, பிறகு அடங்கினால் பெரும்பாலும் உமிழ்நீர்க் குழாயில் கல். காய்ச்சலோடு வலித்தால் கிருமித் தொற்று. இரண்டும் இல்லாமல், கட்டி உள்ள இடம் விடாமல் வலிக்கிறதா? நரம்பைச் சந்தேகிக்க வேண்டும்.

முகத்தை அசைக்கும் நரம்பு இந்தச் சுரப்பிக்கு உள்ளேதான் ஐந்து முக்கியக் கிளைகளாகப் பிரிகிறது. கண்ணை மூடுவது, சிரிப்பது எல்லாம் அதன் வேலை. சாதுவான கட்டி பொதுவாக நரம்பைத் தள்ளிவிட்டு வளரும். புற்று உள்ளேயே நுழைந்துவிடும். அதிலும் 'அடினாய்டு சிஸ்டிக் கார்சினோமா' என்றொரு வகை, பந்தல் கயிற்றில் கொடி ஏறுவதுபோல நரம்பைப் பிடித்துக்கொண்டு மண்டையோட்டின் அடி வரைகூட ஊர்ந்து போகும். கட்டி சிறிதாக இருக்கும்போதே வலி, எரிச்சல், எறும்பு ஊர்வது போன்ற உணர்வு வரலாம். தாடைக்குக் கீழுள்ள சுரப்பியில் வந்தால் நாக்கில் ஒரு பாதி மரத்துப் போவதும் உண்டு.

வாய் கோணினால் உடனே முகவாதம் என்று தைலத்துக்கு வருகிறார்கள். சாதாரண முகவாதம் ஓரிரு நாளில் வந்துவிடும். பெரும்பாலோருக்குச் சில வாரங்களில் தேறத் தொடங்கும். கொஞ்சம் கொஞ்சமாக, வாரக்கணக்கில் கோணிக்கொண்டே போனாலோ, மூன்று மாதமாகியும் அசைவு திரும்பாவிட்டாலோ, காதடியைத் தடவிப் பாருங்கள். கட்டி தட்டுப்பட்டால் ஒரு நாளும் தள்ளிப்போடாதீர்கள். தட்டுப்படாவிட்டாலும் டாக்டரிடம் காட்டத்தான் வேண்டும்.

வலி என்றால் வாதம் என்று நாடி பார்க்கிற சித்த மருத்துவன்தான் நானும். ஆனால் இந்தக் கட்டிக்குத் தைலப் புட்டியைத் திறக்க மாட்டேன். பற்றுப் போட்டு, நீவி நாளைக் கடத்துவது வேண்டாம். காது மூக்கு தொண்டை நிபுணரிடம் போங்கள். மெல்லிய ஊசியால் செல் எடுத்துச் சோதிப்பார்கள். "ஊசி குத்தினா பரவிடுமாமே?" என்று பயப்பட வேண்டியதில்லை. நரம்பு வழியே எவ்வளவு தூரம் போயிருக்கிறது என்று பார்க்க எம்.ஆர்.ஐ. உதவும். முகநரம்பைக் காப்பாற்ற முடியுமா என்பதும் அதைப் பொறுத்ததுதான். நரம்பில் பரவியிருந்தால் ஆபரேஷனுக்குப் பிறகு பெரும்பாலும் கதிர்வீச்சும் தருவார்கள். அடினாய்டு வகை பத்து வருஷம் கழித்துக்கூட நுரையீரலில் தலைகாட்டலாம்; "எல்லாம் சரியாயிடுச்சு" என்று செக்கப்பை நிறுத்திவிடாதீர்கள்.