கழுத்துக் கறுப்பைத் தேய்க்காதே, கண்ணு

கொமரலிங்கத்தில் பிளஸ் ஒன், பிளஸ் டூ படிக்கிற கண்ணு, உனக்குக் காலையில் பஸ், சாயந்தரம் டியூஷன். நேரமில்லை, தெரியும். ஆனாலும், "சர்க்கரை நோய் தாத்தாவுக்கு வருவது" என்று என்னிடம் சொல்லாதே. இப்போதெல்லாம் பள்ளிப் பிள்ளைகளுக்கே வருகிறது.

1. முதலில் குடிப்பதை மாற்று. கூல்டிரிங்ஸ் பாட்டிலைத் திருப்பிப் படி: பலவற்றில் 100 மில்லிக்கு 10 கிராம் சர்க்கரை. அரை லிட்டர் குடித்தால் 50 கிராம். ஒரு நாளைக்கே 25 கிராமுக்குள் நிறுத்துவது நல்லது என்கிறது உலக சுகாதார நிறுவனம். "கரும்புச் சாறு இயற்கைதானே அக்கா?" அமராவதித் தண்ணீரில் விளைந்த நம் கரும்பானாலும் ரத்தத்தில் சர்க்கரையை ஏற்றும். நாட்டுச் சர்க்கரையும் அப்படித்தான். இதை அம்மாவிடமும் சொல். தாகத்துக்குத் தண்ணீர், உப்புப் போட்ட மோர்.

2. காலைச் சாப்பாட்டை விடாதே. விட்டால் பதினோரு மணிக்கு பேக்கரி பப்ஸ், தேங்காய் பன் என்று கை போகும். இரண்டு அவித்த முட்டை போதும். இல்லையா, ராத்திரி ஊற வைத்த பச்சைப்பயறு, குக்கரில் இரண்டு விசில்.

3. அரிசிம்பருப்பு சாதத்தை யாரும் விடச் சொல்லவில்லை. தட்டில் பாதி காய் இருக்கட்டும், அதை முதலில் சாப்பிடு. சர்க்கரை சட்டென்று ஏறாது.

4. அரசு கொடுத்த சைக்கிளைத் தூசி பிடிக்க விடாதே. தினம் ஒரு மணி நேரம் உடம்பு அசைய வேண்டும்.

5. பின்கழுத்தும் அக்குளும் கறுத்துத் தடித்திருக்கிறதா? அழுக்கென்று ஸ்க்ரப் போட்டுத் தேய்க்காதே, தோல்தான் புண்ணாகும். பல பேருக்கு அது, இன்சுலின் சரியாக வேலை செய்யவில்லை என்று உடம்பு காட்டும் அடையாளம். எடையும் கூடி, வீட்டில் யாருக்காவது சர்க்கரையும் இருந்தால் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு வெறும் வயிற்றோடு போ. ரத்தச் சர்க்கரை 100-க்குக் கீழ் என்றால் சரி. 100 முதல் 125 வரை எல்லைக்கோடு; இப்போதே பிடித்தால் திருப்பிவிடலாம். 126-ஐத் தொட்டால் டாக்டர் மறுபடி பார்த்து உறுதி செய்வார்.

6. இது வேறு, கவனமாகக் கேள். நன்றாகச் சாப்பிட்டும் இளைப்பது, அடங்காத தாகம், ராத்திரியில் அடிக்கடி சிறுநீர்: இது டைப் 1 சர்க்கரை நோயாக இருக்கலாம். மிட்டாய் தின்றதால் வருவதில்லை, யாரையும் குறை சொல்லாதே. அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். டாக்டர் கொடுத்த இன்சுலினை நிறுத்திவிட்டுக் கஷாயம் குடி என்று யாராவது சொன்னால் கேட்காதே. வாந்தியும் மூச்சிரைப்பும் சேர்ந்தால் விடியும்வரை காத்திருக்கக் கூடாது, 108-ஐக் கூப்பிடு. தோழிக்கு இப்படி இருந்து அவள் சொல்லக் கூச்சப்பட்டால், அவள் அம்மாவிடம் நீயே போய்ச் சொல்.