உடைவதற்கென்று ஒரு பாகம்

புதுச்சேரி

அன்புள்ள தம்பிக்கு,

நீ அனுப்பிய படங்களும் பட்டியலும் வந்து சேர்ந்தன. டாமியா ஃப்ராக், 1983-இல் வெளிவந்த ரிமோட் பக்கி கார். பெரியப்பா பிரெஞ்சு ராணுவத்தில் இருந்தபோது லீவில் கொண்டுவந்தது என்று எழுதியிருக்கிறாய். பிரெஞ்சு ராணுவத்தில் இருந்த நம் ஊர் சொல்தாக்களின் வீட்டுப் பரண்களில் மௌலினெக்ஸ் மிக்ஸியும் பழைய ரேடியோவும் கிடைக்கும். சேஸிஸ் உடையாத ரிமோட் பக்கி கிடைப்பது அபூர்வம். உனக்கு அதிர்ஷ்டம்தான்.

பட்டியலைப் பற்றித்தான் எழுதுகிறேன். முன் ஆர்ம், சக்கரத்தைத் தாங்குகிற நக்கிள், பம்பர் எல்லாம் 7075 அலுமினியத்தில், பின் ஷாஃப்டுகள் இ.என்.24 ஸ்டீலில் என்று போட்டிருக்கிறாய். லேத்தும் மில்லிங்கும் புதிதாகக் கைக்கு வந்திருக்கிற வயதில் பார்க்கிற பிளாஸ்டிக்கை எல்லாம் உலோகமாக்கத் தோன்றும், அதில் தப்பில்லை. ஆனால் இந்தப் பட்டியலை அப்படியே செய்தால், முதல் நாள் திண்ணைச் சுவரில் மோதியதும் உன் வண்டி நிரந்தரமாகப் படுத்துவிடும்.

மோதும்போது வருகிற அடி எங்காவது போய்த்தான் தீர வேண்டும். பம்பர் வளைந்து கொடுத்தால் பாதி அங்கேயே தீர்ந்துவிடும். பம்பர் அலுமினியமானால் அடி ஆர்முக்குப் போகும். ஆர்மும் அலுமினியமானால் ஆர்ம் மாட்டியிருக்கிற சேஸிஸுக்குப் போகும். அது நாற்பது வருஷத்துப் பிளாஸ்டிக். அந்தச் சேஸிஸை நீயும் செய்ய முடியாது, நானும் செய்ய முடியாது. அதற்கு அச்சு வேண்டும். இரண்டு மணி நேரத்தில் செய்யக்கூடிய பாகத்தைக் காப்பாற்றுவதற்காக, செய்யவே முடியாத பாகத்தைப் பலி கொடுக்கிறாய். எந்த இயந்திரத்திலும் உடைவதற்கென்று ஒரு பாகம் இருக்கும். மில் மெஷின்களில் ஷியர் பின் என்று ஒன்று வைப்பார்கள். லோடு தாங்காவிட்டால் அது முறியும், கியர் பிழைக்கும். எனக்கு லேத் சொல்லிக்கொடுத்தவர் கடலூர் சாலையில் பஞ்சாலை ஃபிட்டராக இருந்தவர். அந்தப் பின்னுக்குப் பதில் ஹை டென்சைல் போல்ட் போட்டவனை அன்றைக்கே வேலையை விட்டு அனுப்பலாம் என்பார்.

போட்டி வண்டி செய்தவர்களுக்கும் இது தெரியும். டீம் அசோசியேட்டடின் ஆர்.சி.10, 1984-இல் வந்தது. தங்க நிறத்தில் ஆனடைஸ் செய்த அலுமினியச் சேஸிஸ் என்றாலே பழைய ஆட்களுக்குக் கண் விரியும். 1985-இல் கலிபோர்னியாவின் டெல் மாரில் நடந்த உலகப் போட்டியில் ஜே ஹால்சி டூ வீல் டிரைவ் பட்டத்தை வென்றது அந்த வண்டியில்தான். அதன் சஸ்பென்ஷன் ஆர்ம்கள் நைலான். அலுமினியத்தில் சேஸிஸே வளைத்தவர்களுக்கு ஆர்ம் வெட்டத் தெரியாதா என்ன? வளைந்து கொடுக்க வேண்டிய இடம் எது, அசையக் கூடாத இடம் எது என்று பிரித்துப் பார்த்திருக்கிறார்கள்.

ஆகவே பம்பரை அப்படியே விடு. முன் ஆர்மையும் விடு. விரிசல் இருந்தால் நைலான் ராடிலோ டெல்ரினிலோ வெட்டு. நக்கிளை வேண்டுமானால் அலுமினியத்தில் செய்துகொள். அங்கே அச்சுத்துளை அகன்று சக்கரம் ஆடும். அதற்கு உலோகம் நல்லது. ஆனால் 7075 என்ற எண்ணைப் பார்த்து மயங்காதே. அதற்கு வலு அதிகம் என்பது உண்மை. உப்புக் காற்றைத் தாங்குவதில் 6061 அதைவிட மேல். குருசுக்குப்பத்தில் இரும்பு கேட் என்ன பாடு படுகிறது என்று பார்த்தவன்தானே நீ?

இனி ஷாஃப்ட். இதை நீ கண்டுபிடித்தது சரி. ஃப்ராக்கின் பலவீனமே அங்கேதான். ஷாஃப்டின் இரண்டு முனையிலும் ஆறுபட்டைக் குமிழ். அது போய் உட்கார்வது ஆறுபட்டைக் கப்பில். மேலே ரப்பர் பூட். கூட வந்த சாதாரண 540 மோட்டாரோடு ஓடினால் நெடுநாள் உழைக்கும். வேகம் கூடிய மோட்டார் போட்டாலோ, பூட் கிழிந்து மணல் புகுந்தாலோ பட்டைகள் மழுங்கி, கப்புக்குள் வழுக்க ஆரம்பிக்கும். 2005-இல் வண்டியை மறுபடி வெளியிட்டபோது டாமியாவே இந்த இடத்தில் வேறு வகை ஷாஃப்டுக்கு மாறிவிட்டது.

வெட்டுவதற்கு முன்னால் பழைய ஷாஃப்டை மண்ணெண்ணெயில் கழுவி வெயிலில் பிடித்துப் பார். ஒவ்வொரு பட்டையிலும் ஒரு பாதிதான் பளபளவென்று தேய்ந்திருக்கும். மறு பாதியில் பழைய டூல் தழும்பே இருக்கலாம். வண்டி பெரும்பாலும் முன்னோக்கி ஓடுகிறது, அதனால் தள்ளுகிற பக்கம் மட்டும் தேய்கிறது. அப்படியென்றால் உள்முனையை உள்முனையாகவே வைத்து, இடது ஷாஃப்டை வலதுக்கும் வலதை இடதுக்கும் மாற்று. தேயாத பக்கம் வேலைக்கு வரும். காசு செலவில்லாமல் ஒரு சீசன் ஓடலாம். அதற்குள் நிதானமாகப் புதியதைச் செய்துகொள்ளலாம்.

செய்யும்போது ஒரு விஷயம். அந்தக் குமிழின் பட்டைகள் தட்டையானவை அல்ல. நடுவில் லேசாகப் புடைத்து இரண்டு பக்கமும் சரியும். சக்கரம் மேலும் கீழும் போகும்போது ஷாஃப்ட் சாய வேண்டுமே, அதற்காக. லேத் பட்டறையில் "ஹெக்ஸ் போட்டுக் குடுங்க" என்று மட்டும் சொன்னால் இண்டெக்ஸிங் ஹெட்டில் மாட்டி நேர்ப்பட்டையாக அழகாக வெட்டித் தருவார்கள். மேஜைமேல் வைத்துப் பார்க்க அற்புதமாக இருக்கும். சஸ்பென்ஷன் அமுங்கினதும் கப்பில் இறுகிக்கொள்ளும். நேர்ப்பட்டையை வாங்கி வந்து, ஊசி அரத்தால் ஓரங்களை நீயே இறக்கு. மார்க்கிங் ப்ளூ தடவி, கப்பில் விட்டுச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்து, நீலம் ஒட்டுகிற இடத்தை மட்டும் இரண்டு இழுப்பு. ஒரு மாலை முழுக்கப் போகும். போகட்டும்.

இ.என்.24-ஐ வாங்கிக் கெட்டிப்படுத்திச் செய்தால் ஷாஃப்ட் தேயாது என்பது சரி. அப்போது கப் தேயும். கப்பை மாற்ற கியர்பாக்ஸைத் திறக்க வேண்டும். ஷாஃப்டை மாற்றச் சில ஸ்க்ரூ போதும். கப்பைவிட ஒரு படி மென்மையான உலோகத்தில் ஷாஃப்டைச் செய். இ.என்.8 போதும்.

அளவு எடுக்கிற கதைக்கு வருவோம். தேய்ந்த பாகத்தை அளந்தால் தேய்மானம்தான் கிடைக்கும். வெர்னியரில் 4.91 வந்தால் 4.91-க்கு வெட்டாதே. ஜப்பான்காரன் வரைபடத்தில் 5 என்றுதான் எழுதியிருப்பான். தேயாத ஓரத்தை அள, அது சேருகிற துளையை அள, பிறகு முடிவு செய். இந்த வண்டிகளில் அடிக்கடி வருகிற பேரிங் உள்ளே 5, வெளியே 11, தடிமன் 4 மில்லிமீட்டர். பழைய புஷ்ஷைக் கழற்றிவிட்டு இதைப் போடுவது நீ செய்கிற செலவுகளிலேயே உருப்படியானது. ஆனால் ஜப்பான் வண்டி என்றால் எல்லாம் மில்லிமீட்டர் என்று நினைத்துவிடாதே. 540 மோட்டாரின் ஷாஃப்ட் 3.17, அதாவது கால் அங்குலத்தில் பாதி. பினியனில் 3.2 துளை போட்டால் ஆடும். பல்லும் அப்படித்தான். 0.6 மாட்யூலும் 48 பிட்சும் கண்ணுக்கு ஒன்று போல இருக்கும். 48 பிட்ச் என்பது மாட்யூல் கணக்கில் 0.53. சேர்த்து ஓட்டினால் சத்தத்திலேயே தெரியும், சத்தம் கேட்கிற நேரத்தில் பல் போயிருக்கும்.

பட்டறைக்குப் போகிற முறையும் ஒன்று உண்டு. தட்டாஞ்சாவடியிலும் மேட்டுப்பாளையத்திலும் தொழிற்பேட்டைப் பட்டறைகள் கம்பெனி ஜாப்பை நம்பி ஓடுகின்றன. விரல் நீளத் துண்டை நீட்டினால் முகம் கொடுக்க மாட்டார்கள். அவர்கள் பக்கம் நியாயம் இருக்கிறது: உலோகத்தின் விலை டீக் காசு, செட்டிங் போடுகிற நேரம்தான் கூலி. அதனால் ஒன்றுக்கு மூன்றாகக் கேள்; கூலி அவ்வளவாக ஏறாது, உனக்கும் ஸ்பேர் ஆச்சு. வாயால் விளக்காதே. தாளில் வரைந்து, எந்த அளவு முக்கியம், எது எப்படி இருந்தாலும் பரவாயில்லை என்று எழுதிக் கொடு. எல்லா அளவுக்கும் பாயின்ட் பூஜ்யம் ஒன்று என்று எழுதுகிறவனுக்கு வேலை தெரியாது என்று டர்னர் ஒரு பார்வையிலேயே முடிவு கட்டிவிடுவார். சேருகிற பாகத்தையும் கையோடு கொண்டுபோ. பேரிங்கையே கொடுத்து "இது கையால தள்ளினா போய் உட்காரணும்" என்றால் எந்த எண்ணையும்விட நன்றாகப் புரியும். பேரம் பேசாதே. ஆயுத பூஜை வாரத்தில் போகாதே.

ஸ்க்ரூ கழற்றும்போது கவனம். பழைய ஜப்பான் ஸ்க்ரூக்களின் கூட்டல் குறி நம் கடையில் கிடைக்கிற பிலிப்ஸ் டிரைவருக்கு முழுசாகப் பொருந்தாது. டிரைவர் மேலே ஏறி வழுக்கி, தலையைச் சிதைத்துவிடும். ஜே.ஐ.எஸ். என்று கேட்டு வாங்கு. ஆர்.எக்ஸ். 100 கார்புரேட்டரைத் தோண்டிக் கெடுத்த மெக்கானிக்குகள் பாதிப்பேருக்கு இன்னும் இந்தச் சங்கதி தெரியாது.

நைலான் பாகங்கள் வறண்டு முறுகலாக இருந்தால், கொதிக்கிற தண்ணீரில் கொஞ்ச நேரம் போட்டு எடு. நைலான் ஈரத்தை உறிஞ்சினால் திரும்ப வளைந்து கொடுக்கும். ஏ.பி.எஸ். பாகங்களை அதில் போட்டுவிடாதே, கோணிக்கொள்ளும். ரேடியோ தட்டு உடைந்திருந்தால் ஹைலம் ஷீட்டில் அறுத்துக்கொள். பாடியும் டயரும் மறுபதிப்பில் வந்தவை. வாங்குவது உத்தமம், கஸ்டம்ஸ் சேர்த்து விலை கொஞ்சம் கடிக்கும்.

எங்கே ஓட்டலாம் என்று கேட்டிருந்தாய். கடற்கரைச் சாலையில் தலைமைச் செயலகம் எதிரே மணல் திரும்பியிருக்கிறது. துறைமுகம் வந்தபின் கரை அரித்துப்போய், வெறும் பாறையைப் பார்த்தே வளர்ந்த தலைமுறை உன்னுடையது; கடலுக்குள் தடுப்பு போட்டபின் மணல் சேர்ந்ததைப் பார்க்க எனக்கும் சந்தோஷம்தான். ஆனாலும் வண்டியை அங்கே கொண்டுபோகாதே. கூட்டம் ஒரு காரணம். ஈர மணல் இன்னொன்று: கிரீஸோடு கலந்தால் அது கிரைண்டிங் பேஸ்ட். செம்மண் திடல் ஏதாவது பார். போதாக்குறைக்கு, அலுமினியத்தில் ஸ்டெயின்லெஸ் ஸ்க்ரூ மாட்டி உப்பில் விட்டால் வெள்ளையாகப் பூத்து மரைக்குள் பிடித்துக்கொள்ளும். எங்கே ஓட்டினாலும் மரைக்கு ஒரு பொட்டு கிரீஸ் வைத்தே ஸ்க்ரூவை ஏற்று.

கடைசியாக, உலோகப் பாகம் போட்டால் பழமை போய்விடும் என்று உன் நண்பன் சொன்னதாக எழுதியிருந்தாய். கண்ணாடிப் பெட்டியில் வைப்பதானால் அவன் சொல்வது சரி. ஓட்டுவதானால் பொருட்படுத்தாதே. ஆனால் கழற்றுகிற ஒவ்வொரு பழைய பாகத்தையும், மழுங்கின ஷாஃப்ட் உள்பட, எந்தப் பக்கத்தில் இருந்தது என்று எழுதி டப்பாவில் போட்டு வை. பெரியப்பாவின் பேரன் யாராவது நாளைக்கு அதை முதலில் இருந்தபடியே கேட்கலாம்.

பட்டியலைத் திருத்தி, ஷாஃப்டுக்கும் நக்கிளுக்கும் மட்டும் படம் வரைந்து எடுத்துக்கொண்டு வா. என் மைக்ரோமீட்டரைத் தருகிறேன். வீட்டுக்கு எடுத்துப்போகக் கேட்காதே. சாயங்காலம் வா, மதியம் தூங்குவேன்.

அன்புடன்,
உன் அண்ணன்